பூசணிக்காயும் கடவுளும்: நிரூபிக்க வேண்டியவர் யார்?

1976ஆம் ஆண்டு பெங்களூர்ப் பல்கலைக்கழகம் ஒரு குழுவை அமைத்தது. அற்புதங்களையும், சோதித்துப் பார்க்கக்கூடிய பிற மூடநம்பிக்கைகளையும் அறிவியல் வழியில் ஆராய்வது அதன் வேலை. துணைவேந்தர் எச். நரசிம்மையாவே தலைவர். நாடு நெருக்கடிநிலையில் இருந்த காலம் அது. அறிவியல் மனப்பான்மையையும் கேள்வி கேட்கும் உணர்வையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று அரசியல் சட்டத்தில் சேர்த்த 42ஆவது திருத்தமும் அதே ஆண்டில்தான் நிறைவேறியது.

குழு தன் எல்லையைத் தெளிவாக வகுத்துக்கொண்டிருந்தது. கையில் விபூதி வரவழைப்பதாக ஒருவர் சொன்னால் கையைப் பார்க்கலாம். ஜாதகம் பலிக்கும் என்றால் பலித்ததா என்று எண்ணிப் பார்க்கலாம். கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வி அந்த எல்லைக்கு வெளியே இருந்தது. ஆனால் குழுவைச் சுற்றி எழுந்த சண்டையில் இரு தரப்புமே அந்த எல்லைக்கோட்டை அழித்துவிட்டன. விபூதியைக் கேள்வி கேட்டவர் கடவுளையே மறுக்கிறார் என்று பக்தர்கள் கொதித்தார்கள். விபூதி பொய்யானால் கடவுளும் பொய்தான் என்று நாத்திகர்கள் சிலர் கொண்டாடினார்கள். நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்ற பழைய வழக்கை அந்தக் கோட்டிலிருந்து தொடங்கினால்தான் ஒரு தீர்ப்பை நெருங்க முடியும்.

நரசிம்மையா 1920இல் கௌரிபிதனூருக்கு அருகே ஓசூர் என்ற சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறை சென்றார். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அணுக்கரு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியபின், 1962இல் பெங்களூர் அறிவியல் மன்றத்தைத் தொடங்கினார். கதராடை, காந்தித் தொப்பி, பசவனகுடி நேஷனல் கல்லூரி விடுதியில் ஓர் எளிய அறை. திருமணம் செய்துகொள்ளாத அவருடைய வாழ்க்கை முழுவதும் இவ்வளவுதான். மேலைநாட்டு மோகத்தில் மதத்தைப் பழிக்கிறார் என்று இவர்மீது சொல்லப்பட்ட குற்றச்சாட்டு, இந்த வாழ்க்கையின் முன் நிற்கவில்லை.

பெங்களூரின் கிழக்கு எல்லையில் ஒயிட்ஃபீல்டு. அங்கே சத்ய சாயிபாபாவின் பிருந்தாவனம் ஆசிரமம். வெறும் கையிலிருந்து விபூதியும் மோதிரமும் கைக்கடிகாரமும் வருவதைக் கண்டதாக ஆயிரக்கணக்கானோர் சொல்லிவந்தார்கள். குழுவின் முன் அதைச் செய்து காட்டும்படி நரசிம்மையா அவருக்கு மூன்று கடிதங்கள் எழுதினார். பதில் வரவில்லை. மோதிரத்துக்குப் பதிலாக ஒரு பூசணிக்காயை வரவழைக்கலாமே என்று நரசிம்மையா கேட்டது பெங்களூரில் அப்போது வீட்டுக்கு வீடு பேச்சானது. கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் அது நல்ல ஆய்வாளரின் கேள்வி. மோதிரத்தை விரலிடுக்கிலோ சட்டைக் கையிலோ ஒளிக்கலாம். பூசணிக்காயை ஒளிக்க முடியாது. ஒன்றுமில்லாததிலிருந்து பொருளைப் படைக்கும் ஆற்றலுக்குச் சிறியது, பெரியது என்ற வேறுபாடு இருக்கக் காரணமில்லை. ஒளித்து எடுக்கும் கைக்கு மட்டுமே அந்த வேறுபாடு உண்டு. எந்தச் சோதனை இரண்டு விளக்கங்களையும் பிரித்துக் காட்டுமோ அந்தச் சோதனையைத்தான் அவர் கேட்டார்.

அதே ஆண்டு செப்டம்பரில் 'பிளிட்ஸ்' வார இதழில் ஆர்.கே. கரஞ்சியா எடுத்த நீண்ட பேட்டியில் சாயிபாபா தம் நிலையை விளக்கினார். அறிவியல் புலன்களுக்கு உட்பட்டது, ஆன்மிகம் புலன்களைக் கடந்தது, ஆகவே முன்னதைக் கொண்டு பின்னதை அளக்க முடியாது என்பது அதன் சாரம். கடவுளைப் பற்றிய வாதமாக இதை எடுத்துக்கொண்டால், எடைபோட்டுப் பார்க்க வேண்டிய வாதம்தான். கைக்கடிகாரத்துக்கு அது பொருந்தாது. கடிகாரம் கண்ணுக்குத் தெரிகிறது, கையில் கனக்கிறது. புலன்களின் உலகத்துக்குள் வந்துவிட்ட பொருளுக்குப் புலன்களின் விசாரணையிலிருந்து விலக்குக் கேட்க முடியாது.

குழு களத்திலும் இறங்கியது. மாண்டியா மாவட்டம் பாண்டவபுராவில், சாயிபாபாவின் அருளால் விபூதி வரவழைப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு சிறுவனைப் பார்க்கக் கூட்டம் குவிந்தது. குழுவினர் நேரில் சென்று, ஆடைக்குள் மறைத்துவைத்திருந்த விபூதியைக் கண்டுபிடித்தார்கள். சோதிக்கக்கூடிய ஒரு கூற்று சோதனைக்கு வந்தது, தோற்றது.

நேரில் கண்ட பெரியவர்கள் சொல்கிறார்களே, அது சான்று ஆகாதா? ஆகும், ஆனால் சான்றையும் விசாரிக்க வேண்டும். இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்த இயற்பியலாளர் எஸ். பகவந்தம், சாயிபாபாவின் பக்தர். பாபாவின் உரைகளை மொழிபெயர்த்தவர். பகவந்தத்தின் பெயரோடு ஒரு கதை பரவியது. ஜப்பானிய சீகோ கடிகார நிறுவனத்தின் தலைவர் சாயிபாபாவைக் காண வந்தாராம். டோக்கியோவில் பெட்டகத்தில் பூட்டிவைத்திருந்த, விற்பனைக்கே வராத மாதிரிக் கடிகாரத்தைச் சாயிபாபா அவர் கண்முன் வரவழைத்துக் கொடுத்தாராம். கொழும்பில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் இதைச் சும்மா விடவில்லை. நிறுவனத்துக்கே 1973இல் கடிதம் எழுதினார். தாமோ தம் ஊழியரோ சாயிபாபாவைச் சந்தித்ததே இல்லை என்று தலைவர் ஹட்டோரி பதில் எழுதினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கதையைச் சொன்னவர்கள் யாரும் ஒரு தபால்தலை ஒட்டி உறுதிசெய்யவில்லை. உறுதிசெய்யும் வேலை, நம்பாதவரின் தலையில் விழுந்தது. உலகெங்கும் அற்புதங்கள் இப்படித்தான் நிலைக்கின்றன: சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும், பொய்யென்று காட்ட மாதங்கள் ஆகும். நிரூபிக்கும் பொறுப்பு சொன்னவரிடம் இருக்க வேண்டும் என்று தருக்கவாதிகள் வலியுறுத்துவதற்கு இந்த நடைமுறை நியாயமே போதும்.

கோவூர் திருவல்லாவில் பிறந்து, 1928இல் இலங்கைக்குப் போய், யாழ்ப்பாணம் மத்தியக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர். 1963இல் அவர் விட்ட சவால் பெயர்பெற்றது. மூடி முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் பணத்தாளின் எண்ணைப் படிப்பது, தண்ணீர்மேல் நடப்பது போன்ற செயல்களில் ஒன்றை ஏமாற்றில்லாத சூழலில் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய். 1978இல் அவர் இறக்கும்வரை யாரும் வெல்லவில்லை. பிறகு கோவையை அடுத்த போத்தனூரிலிருந்து பி. பிரேமானந்த் அந்தச் சவாலைத் தொடர்ந்தார். யாரும் வெல்லாததால் அற்புதம் எங்குமே இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. பணத்தாசை இல்லாத ஒருவர் எங்கோ இருக்கலாம். ஆனால் ஊரறிய அற்புதம் செய்பவர்கள், ஊரறியக் கேட்கப்பட்ட சோதனையைத் தவிர்க்கும்போது ஐயம் வளர்வது இயல்பு. பகையில்லாத ஆய்வாளருக்கும் இதே அனுபவம்தான். ஐஸ்லாந்து உளவியலாளர் எர்லெண்டுர் ஹரால்ட்சன் திறந்த மனத்தோடு வந்து, சாட்சிகளைத் தேடித்தேடிப் பேட்டி எடுத்தார். கட்டுப்படுத்தப்பட்ட சோதனைக்கு அவருக்கும் இசைவு கிடைக்கவில்லை. மோசடிக்கு நேரடிச் சான்று தம்மிடம் இல்லை என்பதையும் அவர் நேர்மையாகப் பதிவுசெய்தார்.

இந்த நிலைக்குச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் ஓர் உண்மையின் நிலையை இரண்டாகப் பிரிக்காமல் மூன்றாகப் பிரித்தது: மெய்ப்பிக்கப்பட்டது, பொய்ப்பிக்கப்பட்டது, மெய்ப்பிக்கப்படாதது. கடவுள் விவாதத்தில் நடக்கும் குழப்பத்தில் பாதி இந்த மூன்றாம் நிலையை மறப்பதால் வருகிறது. பக்தர், 'இல்லையென்று நிரூபிக்க முடியவில்லையே, ஆகவே உண்டு' என்கிறார். மறுப்பவர், 'உண்டென்று நிரூபிக்கவில்லையே, ஆகவே இல்லை' என்கிறார். இருவரும் மூன்றாம் அறையைத் தாண்டிக் குதிக்கிறார்கள். அதே சட்டத்தின் 101ஆம் பிரிவு, ஓர் உண்மை இருப்பதாகச் சொல்லித் தீர்ப்புக் கேட்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்றது. 106ஆம் பிரிவு, ஒருவருக்கே தனிப்படத் தெரிந்த செய்தியை மெய்ப்பிக்கும் சுமை அவர்மேலேயே விழும் என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியமும் இவற்றைக் கைவிடவில்லை. அங்கிக்குள் என்ன இருக்கிறது என்பது அங்கியை அணிந்தவருக்குத்தான் தெரியும். ஒயிட்ஃபீல்டுக்குப் போன கடிதங்களின் நியாயத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

பிரேமானந்த் இதை நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார். அனுமதியின்றித் தங்கம் உண்டாக்குவது தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு விரோதம் என்று 1986இல் சாயிபாபாமீது வழக்குத் தொடுத்தார். வழக்கு தள்ளுபடியானது. ஆன்மிக ஆற்றல் என்பது சட்டம் ஏற்கும் எதிர்வாதம் அல்ல என்று அவர் செய்த மேல்முறையீடும் வெல்லவில்லை.

சாட்சியச் சட்டத்தை வரைந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் இந்தியாவிலிருந்து திரும்பியபின் லண்டனில் மெட்டாஃபிசிக்கல் சொசைட்டியில் உறுப்பினரானார். அதே சங்கத்தில்தான் கணிதவியலாளர் டபிள்யூ.கே. கிளிஃபர்டு 1876இல் நம்பிக்கையின் அறம் பற்றிய தம் கட்டுரையைப் படித்தார். போதிய சான்றின்றி எதையும் நம்புவது அறத்துக்கே பிழை என்றார் கிளிஃபர்டு. இருபது ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் வில்லியம் ஜேம்ஸ் அதை மறுத்தார். சான்று எந்தப் பக்கமும் சாயாத, ஆனால் தேர்ந்தே ஆக வேண்டிய வாழ்க்கைக் கேள்விகளில் நம்புவதற்கு மனிதனுக்கு உரிமை உண்டு என்பது அவர் கட்சி. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

இனி, கோட்டுக்கு அப்பால். பாண்டவபுரா வட்டத்துக்குள்தான் மேல்கோட்டை இருக்கிறது, வைணவர்களுக்குத் திருநாராயணபுரம். சோழநாட்டிலிருந்து வந்த இராமானுசர் பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே தங்கியதாக மரபு சொல்கிறது. அவர் ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கப் பகுதியிலேயே செய்த ஒரு காரியம் பலருக்கு வியப்பளிக்கும். கடவுள் இருப்பதை அனுமானத்தால் நிறுவ முடியாது என்று வாதிட்டார். குடத்தைச் செய்யக் குயவன் வேண்டும், உலகமும் செய்யப்பட்ட பொருள், ஆகவே அதைச் செய்தவன் ஒருவன் உண்டு என்பது நியாயத் தத்துவ மரபினரின் பழைய நிரூபணம். இராமானுசர் அதை அக்கக்காகப் பிரித்தார். மலையும் கடலும் ஒரே நேரத்தில் ஒருவனால் செய்யப்பட்டன என்று எப்படித் தெரியும்? பலர் சேர்ந்து செய்திருக்கலாமே? நாம் கண்ட செய்வோர் எல்லாரும் உடம்புள்ளவர்கள், குறையுள்ளவர்கள். இந்த அனுமானம் அப்படிப்பட்ட ஒருவனைத்தானே கொண்டுவந்து நிறுத்தும்? டேவிட் ஹியூமின் இயற்கைச் சமய உரையாடல்கள் 1779இல் வெளிவந்தன. அவற்றில் வரும் மறுப்புகளில் முக்கியமானவை, ஆறு நூற்றாண்டுகளுக்கும் முன்பே ஒரு பக்தரின் எழுத்தில் இருந்தன.

நாராயணனிடம் சரண் புகுந்தவர் நாராயணனுக்கான நிரூபணத்தை ஏன் உடைக்க வேண்டும்? கடவுளைச் சாத்திரத்தால் மட்டுமே அறிய முடியும் என்பது அவர் நிலை. அனுமானம் என்ற களத்தில் இறங்கினால் அந்தக் களத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். நிரூபிக்கும் சுமையிலிருந்து ஒரு பக்தர் கண்ணியமாக விலகுவதற்கு இதுவே வழி. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. சாத்திரத்தை ஏற்காதவரிடம், 'நீயும் ஏற்றுத்தான் ஆக வேண்டும்' என்று கேட்கும் உரிமை அப்போது போய்விடுகிறது. சுமையை மறுக்கிறவர் உரிமையையும் விட்டுவிட வேண்டும். இன்றைய மேடைகளில் பலர் முதற்பாதியை மட்டும் இராமானுசரிடமிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

சுமையை விரும்பித் தோளில் ஏற்றியவர்களும் உண்டு. மிதிலையின் உதயணர் 10ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி நியாயகுசுமாஞ்சலி என்ற நூல் முழுவதையும் இறைவன் இருப்பை நிறுவவே எழுதினார். எதிர்வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, பதில் சொன்னார். தமிழில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் தொடக்கத்திலேயே, தோன்றி நின்று ஒடுங்கும் உலகத்துக்கு ஒரு முதல்வன் வேண்டும் என்று அனுமானம் கட்டினார். அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரை இரண்டாகப் பகுத்து, பரபக்கம் முழுவதையும் பிறர் மதங்களுக்கே கொடுத்தார். உலகாயதன் தன் கட்சியை முதலில் சொல்கிறான். மறுப்பு அதன்பின் வருகிறது. எதிரியின் வாதத்தைத் தன் நூலில் உட்காரவைத்துப் பேசவிட்ட அந்த ஒழுங்கு, இன்றைய தொலைக்காட்சி விவாதங்களில் தேடினாலும் கிடைக்காது.

காணாததெல்லாம் இல்லாததா? இந்தக் கேள்விக்கு உதயணருக்கும் முன்பே பௌத்தத் தருக்க அறிஞர் தருமகீர்த்தி ஒரு நுட்பமான பதில் வைத்திருந்தார். கண்ணுக்குத் தெரியக்கூடிய பொருள், தெரிய வேண்டிய இடத்தில் தெரியாவிட்டால், அது அங்கே இல்லை என்று சொல்லலாம். இயல்பிலேயே காண முடியாத பொருளைக் காணவில்லை என்றால் ஐயம் மட்டுமே மிஞ்சும். மேசைமேல் குடம் இல்லை என்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம்; பேய் இல்லை என்பதை அப்படிச் சொல்ல முடியாது. உதயணர் இந்த வேறுபாட்டைத் தம் பக்கம் திருப்பினார்: இறைவன் புலனுக்கு எட்டாதவன், ஆகவே காணாமை அவனுக்கு எதிரான சான்று ஆகாது. அந்த வாதம் செல்லும். அதனோடு சேர்ந்து, புலனுக்கு எட்டும் அடையாளம் எதையும் அவன் பேரில் காட்டக்கூடாது என்ற கட்டுப்பாடும் வர வேண்டும். மோதிரம் வந்தால் சான்று, வராவிட்டால் புலன் கடந்தது என்று இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது.

மணிமேகலையில் வஞ்சி நகரத்துச் சமயவாதிகளைக் கேட்டுக்கொண்டே வரும் நாயகி, பூதவாதியிடம் ஒரு கேள்வி கேட்கிறாள். கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்பேன் என்கிறான் அவன். உன் தாய் தந்தையரை நீ எப்படி அறிந்தாய், அனுமானத்தால்தானே என்கிறாள் அவள். நிரூபணம் கேட்பவரும் தாம் எந்த அளவையைக் கொண்டு கேட்கிறார் என்று சொல்லக் கடமைப்பட்டவர் என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன தமிழ்க் காட்சி அரிது.

மேலைநாட்டு விவாதத்தில் எல்லாரும் மேற்கோள் காட்டுவது பெர்ட்ரண்டு ரஸ்ஸலின் தேநீர்க்குடுவை. பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு பீங்கான் குடுவை சூரியனைச் சுற்றுகிறது என்று ஒருவர் சொன்னால், இல்லையென்று காட்டுவது நம் வேலையல்ல என்றார் அவர். 1952இல் ஓர் இதழ் கேட்டு எழுதிய அந்தக் கட்டுரை அப்போது அச்சேறவே இல்லை. ஆன்டனி ஃபுளூ 1972இல் இதை முறைப்படுத்தினார். நீதிமன்றத்தில் குற்றமின்மை போல, விவாதத்தில் கடவுள் நம்பிக்கை இல்லாத நிலையே தொடக்கப்புள்ளி. உண்டு என்பவர் அதை நகர்த்த வேண்டும் என்றார். அவர் சொன்ன தொடக்கநிலை, 'இல்லை' என்று அறுதியிடும் நிலை அல்ல, இன்னும் ஏற்காத நிலை. இதற்கு மறுமொழியாக ஆல்வின் பிளான்டிங்கா, பிறருக்கு மனம் உண்டு என்பதை நாம் நிரூபணமின்றி நம்புவதுபோலக் கடவுள் நம்பிக்கையும் அடிப்படையானதாக இருக்கலாம் என்றார். எண்ணிப் பார்க்க வேண்டிய வாதம். ஆனால் அது தனக்குள் நம்புவதற்கு இடம் தருகிறதே தவிர, பிறரை ஏற்கவைக்க ஒன்றும் தரவில்லை. ஏறத்தாழ இராமானுசர் நின்ற இடத்துக்கே கொண்டுவந்து விடுகிறது.

ஆகவே சுமை ஆத்திகர், நாத்திகர் என்ற முகாம்களுக்கு உரியதல்ல, ஒவ்வொரு கூற்றுக்கும் உரியது. 'எனக்கு இன்னும் தெளியவில்லை' என்பவருக்குச் சுமை இல்லை. 'கடவுள் இல்லவே இல்லை' என்பவருக்கு உண்டு. பெரியார் அப்படித்தான் அறுதியிட்டுச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் அதற்கான காரணங்களை அரை நூற்றாண்டு ஊர் ஊராகப் போய் அடுக்கினார், கேள்விகளை மேடையிலேயே எதிர்கொண்டார். அந்தக் காரணங்கள் போதுமானவையா என்பது வேறு விவாதம். கடவுளின் பெயரால் சாதி காக்கப்படுகிறது என்ற அவருடைய சமூகக் குற்றச்சாட்டு வலுவானது. கடவுள் இல்லை என்ற முடிவு அதிலிருந்து மட்டும் வந்துவிடாது. அவரைப் போற்றுபவர்கள் இந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்வது அவருக்குச் செய்யும் மரியாதையே ஆகும்.

கேள்வி கேட்டவர்கள் கர்நாடகத்தில் கொடுத்த விலையை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது. 2015 ஆகஸ்டில் தார்வாடில் கன்னட அறிஞர் எம்.எம். கல்புர்கி தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2017 செப்டம்பரில் பெங்களூர் ராஜராஜேஸ்வரி நகரில் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் கொல்லப்பட்டார். இரு கொலைகளுக்கும் ஒரே துப்பாக்கி பயன்பட்டதாகத் தடயவியல் ஆய்வு காட்டியது. வாதத்துக்குப் பதில் இல்லாதபோது வாதிப்பவரையே அகற்றும் இந்த வழி, இராமானுசரின் மரபுக்கும் அருணந்தியாரின் மரபுக்கும் செய்த துரோகம். 2017இலேயே கர்நாடகச் சட்டமன்றம் மனிதத்தன்மையற்ற கொடிய பழக்கங்களையும் மாந்திரீகத்தையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. பூசை, யாத்திரை, பஜனை, ஹரிகதை எதையும் அது தொடவில்லை. பிறருக்குக் கேடு வரும் இடத்தில்தான் அது குறுக்கிடுகிறது. நரசிம்மையா குழு வகுத்த எல்லையோடு ஒப்பிட்டால் இந்த எல்லை வேறு. ஆனால் இதுவும் கடவுளைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தியே வகுக்கப்பட்டது.

ஒயிட்ஃபீல்டில் 2001 முதல் சாயிபாபாவின் அறக்கட்டளை நடத்தும் உயர்சிறப்பு மருத்துவமனை இதய அறுவை சிகிச்சையைக் கட்டணமின்றிச் செய்கிறது. அங்கே தன் குழந்தையின் இதயம் சீரானதைக் கண்ட ஒரு தாய் அவரைக் கடவுள் என்று கும்பிட்டால், அவளிடம் நிரூபணம் கேட்க யாருக்கும் உரிமையில்லை. அவள் யாரிடமும் எதையும் கோரவில்லை. அறுவை சிகிச்சை வேண்டாம், விபூதியே போதும் என்று அவள் பக்கத்து வீட்டுத் தாய்க்குச் சொல்லும் நாளில் நிலைமை மாறுகிறது. இன்னொரு குழந்தையின் உயிர் அந்தச் சொல்லைச் சார்ந்திருக்கும்போது, விபூதி எத்தனை குழந்தைகளைக் குணப்படுத்தியது, எந்த மருத்துவர் அதைச் சோதித்தார் என்ற கேள்விகளுக்கு அவள் பதில் சொல்லியாக வேண்டும்.